வாவி ஓவியத்தின் கீழே எழுதியது

9.11, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். மாமியின் விரிப்புகள் மூன்று, ஒன்றும் காயவில்லை. பக்கவாதம் வந்ததிலிருந்து என் கணவரின் அம்மாவைத் தூக்க, துடைக்க, ஊட்ட நான்தான்.

ஆசிரியர்களின் கண்காட்சிக்கு என் வாவி ஓவியத்தைக் கேட்டிருக்கிறார்கள். மனநிலை, குறியீடு பற்றிப் பத்து வரி விளக்கமும் வேண்டுமாம். வகுப்பில் நான் படிப்பிப்பதுதான். இருண்ட நிறம் என்றால் சோகம், வெறும் தோணி என்றால் தனிமை. சொந்தப் படத்துக்கு ஒரு வரி வரவில்லை.

கணவர் எட்டிப் பார்த்தார். "அமைதி எண்டு போடு. ஆக்களுக்கு அதுதான் பிடிக்கும்."

11.11, செவ்வாய்

மழை விட்டது. சட்டத்துக்குப் பூசிய வார்னிஷ் காயட்டும் என்று படத்தை மாமியின் அறையில் சாத்தினேன். கஞ்சி ஊட்டும்போது அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சு குழறித்தான் வரும்.

"ஆத்துவாய்... வெட்டல்ல."

விளங்கவில்லை. இடது கையால் படத்தின் கரையைக் காட்டினார். புல் பாதி தண்ணீருக்குள். வேலிக்கட்டைகளின் தலை மட்டும் வெளியே. மழைத் தண்ணீர் ஏறி, கடலுக்குப் போகும் ஆற்றுவாயை மணல் மூடி, இன்னும் வெட்டிவிடாமல் கிடக்கும் நாட்களின் வாவி. கண்டபடியே வரைந்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. மீன்பிடிக் குடும்பத்து மனுசி. நிறத்தை விட்டுத் தண்ணீர் மட்டத்தைப் பார்த்திருக்கிறார்.

"தண்ணிக்குப் போக இடமில்ல, புள்ள."

குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழுதேன். கஞ்சி ஆறிவிட்டது.

13.11, வியாழன்

வாங்க: பால்மா, டெட்டோல், 4ஆம் இலக்கத் தூரிகை.

விளக்கம் முடிந்தது. தலைப்பு: அடைபட்ட தண்ணீர். கந்தோரில் தட்டச்சு செய்து கொடுப்பதாகக் கணவர் வாங்கிக்கொண்டு போனார்.

போன வருடம் கண்டியில் சித்திரப் படிப்புக்கு இடம் கிடைத்தபோதும் இவர்தான் பேசினார். நான் பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் அவர்களுக்குப் போன் எடுத்து, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சத்தம் போட்டதில்லை, கை நீட்டியதில்லை. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும்.

15.11, சனி

கண்காட்சி. வீட்டில் மாமிக்குத் துணை பக்கத்து வீட்டு மேரி அக்கா.

என் படத்தின் கீழே அச்சடித்த அட்டை. அமைதி. பத்து வரியும் வேறு. தென்றல், மாலை, மனநிறைவு. எதுவும் என்னுடையதில்லை.

"உனக்கு நல்லதுக்குத்தான் மாத்தினன்," என்றார் பக்கத்தில் நின்ற கணவர், மெதுவாக. சுற்றி ஆட்கள் நின்றார்கள்.

பேனா எடுத்தேன். 'அமைதி'யைக் கோடிட்டு வெட்டி, மேலே 'அடைபட்ட தண்ணீர்' என்று எழுதினேன். இரண்டு டீச்சர்மார் பார்த்துக்கொண்டே நின்றார்கள்.

திரும்பும்போது பாலத்தில் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டினார்.

"அம்மாவப் பாக்கிறது கஷ்டம் எண்டா சொல்லியிருக்கலாமே."

"மாமி இல்ல," என்றேன். "நீங்கதான்."

முகம் வெளிறிப்போனது. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். கண்டிக்கு எடுத்த போன், இந்த அட்டை, கல்யாணம் முடித்த நாளிலிருந்து எனக்காக அவர் சொன்ன பதில்கள். குறுக்கே ஒரு சொல் பேசவில்லை. இதுதான் முதல் தடவை.

மாமியின் ஆறு மணி மருந்தை ஏழரைக்குத்தான் கொடுத்தேன்.