சொல்லாத மயக்கம்

மார்ச் 4
காலை ஷிப்ட். கிரேனில் கம்பிக் கட்டு பதினொன்று மேலே ஏற்றினேன். காற்று அதிகம் என்று மூன்று மணிக்கே கிரேனை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி போய் இருபத்திரண்டு நாள். வேலைக்குக் கிளம்பும்போது ஷூ லேஸ் கட்டக் குனிந்தவன் நிமிரவில்லை. முப்பத்தாறு வயது. இதயச் சுவர் தடித்திருந்ததாம். கூடப்பிறந்தவர்களும் இதயத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். மனைவி ஆஸ்பத்திரியில் எனக்கு நாள் வாங்கிவிட்டாள்.

மார்ச் 9
எம்ஆர்ஐ. குழாய்க்குள் முக்கால் மணி நேரம். "மூச்சை விடுங்க... அப்படியே பிடிச்சுக்கோங்க." பிடித்தேன். பயம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

மார்ச் 12
டாக்டர் படத்தைக் காட்டினார். கறுப்புச் சதைக்குள் வெள்ளைத் திட்டுகள். "இதெல்லாம் தழும்பு. இங்கிருந்துதான் துடிப்பு தாறுமாறா கிளம்பும். திடீர்னு நின்னுபோற ஆபத்து உங்களுக்கு அதிகம். முன்னாடி எப்பவாவது மயங்கியிருக்கீங்களா?"

மனைவி என்னைப் பார்த்தாள்.

"ஒரு தடவை. மூணு வருஷம் முன்னாடி. கிரேன் கேபினுக்குள்ள."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தாள்.

மார்ச் 13
இனி மேலே ஏற வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

மார்ச் 15
மயங்கிய அன்றைக்கே சொல்லியிருந்தால் என்னைப் படம் எடுத்திருப்பார்கள். தம்பியையும் எடுத்திருப்பார்கள். வேலை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன் — அவ்வளவுதானா? அவ்வளவுதான். அழுகைகூட வரமாட்டேங்குது. என்ன ஜென்மம்டா நீ.

மார்ச் 18
தம்பி மனைவியிடம் நேரில் போய் அந்த மயக்கத்தைச் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் கை நின்றது.

"அவருக்குத் தெரியுமா, மாமா?"

"தெரியாது."

மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். அவன் சட்டையும் அதில் இருந்தது. கிளம்பும்போது கதவு வரை வந்தாள்.

"எங்க பாப்பாவுக்கும் படம் எடுத்துப் பார்க்கணுமா?"

"பார்க்கணும்."

ஏப்ரல் 2
இடது தோளுக்குக் கீழே கருவி வைத்தாயிற்று. துடிப்பு தறிகெட்டால் அதுவே ஷாக் கொடுக்குமாம். கையை மேலே தூக்கக் கூடாது. மனைவி சட்டை மாட்டிவிடுகிறாள். முகத்தைப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் 20
ஸ்டோரில் வேலை. ஹெல்மெட், கையுறை எடுத்துக் கொடுப்பது. "மேகத்துல இருந்த ஆளு ஸ்டூலுக்கு வந்துட்டாரு" என்றார் கம்பி கட்டுபவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

மே 6
தம்பி மகளுக்குப் படம் எடுத்திருந்தார்கள். மதியம் மனைவிக்குப் போன் வந்தது. பக்கத்தில்தான் இருந்தேன், தம்பி மனைவியின் குரல் கேட்டது.

"தழும்பு எதுவும் இல்லையாம், அக்கா. வருஷா வருஷம் பார்க்கச் சொல்லியிருக்காங்க."

மனைவி என் பக்கம் திரும்பினாள்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிடுங்க."

மனைவி போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னாள். முதல் தடவை கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டேன்.