முப்பத்திரண்டு கணவாயைக் கடக்கலாகாது

மங்கலம் பெருகுக. செம்மலை நாட்டின் பன்னிரு கணவாய்களுக்கும் காவலராய், குடிகளின் கண்ணும் நிழலுமாய் வீற்றிருந்து அரசு செலுத்தியருளும் மகாராஜராஜஸ்ரீ வல்லபதேவ மன்னர் திருமுன்புக்கு, ஊதற்கணவாய்க் கோட்டைத் தளவாயும் வேட்டை அதிகாரியுமான ஆதிமூலம் தெண்டனிட்டு வரைந்தனுப்பும் ஓலை. தேவரீரும் தாயார் மகாராணியாரும் தலைநகரமும் அதன் ஏரிகளும் வயல்களும் குறைவின்றி விளங்க மலைக்குடிகள் யாவரும் கையெடுத்து வேண்டுகிறோம்.

இவ்விடம் க்ஷேமம் என்று அடுத்து எழுதுவது முறை. எழுத மனம் வரவில்லை. நேற்று நண்பகலில் தேனெடுக்கப் போன அண்ணன் தம்பி இருவரை அந்தக் காட்டெருது குத்திக் கொன்றது. இடத்தோளில் பழைய குண்டுக் காயத்தோடு திரியும் அதே எருதுதான். மூன்றாண்டுகளில் இதோடு பதினோரு உயிர் போயிற்று.

தேவரீர் வரும் வெள்ளிக்கிழமை மலையேறி வந்து, தந்தையார் உயிரைக் குடித்த அவ்விலங்கை, குலவழக்கப்படி தரையில் நின்று முப்பது தப்படித் தொலைவில் முதற்குண்டால் வீழ்த்தப் போவதாகத் திருமுகம் வந்தது. மகிழ்ந்தேன். கடைசி வரியைப் படித்ததும் இவ்வோலையை எழுத உட்கார்ந்தேன். அடியேன் எட்டாம் எண் துப்பாக்கியே தகும் என்று விண்ணப்பித்திருக்க, அதனினும் நான்கு மடங்கு பெரிதான முப்பத்திரண்டாம் எண்ணை, தந்தையார் கடைசியாக ஏந்திய அந்தப் பொற்பூணிட்ட துப்பாக்கியையே, தேவரீர் எடுத்து வருவதாக எழுதியருளியிருந்தீர்.

ஐயோ மகாராஜா, அது பெரிதல்ல! ஒரு ராத்தல் ஈயத்தை உருக்கினால் எத்தனை குண்டு தேறுமோ, அந்தக் கணக்கே நம் நாட்டில் துப்பாக்கிக்கு எண். எட்டு என்றால் எட்டே குண்டு. ஒவ்வொன்றும் நெல்லிக்காய்ப் பருமன். முப்பத்திரண்டு என்றால் அதே ஈயம் முப்பத்திரண்டாகப் பிரிந்துவிடும், ஒவ்வொன்றும் சுண்டைக்காய்தான். எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும். அந்தச் சிறுகுண்டு நேராய்ப் பாயும், தோளை உதைக்காது, மானுக்கு மிகப் பொருத்தம். காட்டெருதின் தோலுக்கும் தோளெலும்புக்கும் அது எம்மட்டு? ஒரு முறை சுட்டபின் மறுபடி மருந்தும் குண்டும் கெட்டிப்பதற்குள் அது முப்பது தப்படியையும் கடந்து மேலே விழுந்துவிடும். முதற்குண்டு எலும்பை உடைத்தாக வேண்டும். இரண்டாம் குண்டுக்கு நேரம் கிடையாது.

இதை இத்தனை உறுதியாக எப்படி அறிவாய் என்று தேவரீர் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். தந்தையாரின் முடிவுக்கு மருந்து நமுத்ததே காரணம் என்று அரண்மனை ஏட்டில் எழுதியிருக்கிறது. பொய். எழுதச் சொன்னவன் அடியேன். குதிரைப்படையிலிருந்து வந்து இப்பதவி ஏற்ற முதல் மாதம் அது. எனக்கு வாளும் வேலும் தெரியுமேயன்றித் துப்பாக்கிக் கணக்குத் தெரியாது. எட்டையும் முப்பத்திரண்டையும் எதிரே வைத்து, பெரிய எண்ணே பெரிய துப்பாக்கி என்று நானே எடுத்து நீட்டினேன். குண்டு வார்க்கும் சங்கிலி ஓடிவந்து, சாமி, இது மானுக்கு ஆனது, மாட்டுக்கு ஆகாது என்று முறையிட்டான். அரசர் முன்னிலையில் என் அறியாமை வெளிப்படுகிறதே என்ற வெட்கத்தில், உன் வேலையைப் பாரடா என்று அதட்டி விரட்டினேன். தந்தையாரின் குறி இம்மியும் தவறவில்லை. மருந்தும் நன்றாகவே பற்றியது. குண்டு தோளெலும்பில் பட்டு நின்றது, எருது நிற்கவில்லை. மூன்றாண்டாய் இதை விழுங்கிக்கொண்டு சோறு தின்கிறேன், வெட்கங்கெட்ட சோறு.

ஆதலால் இனி எழுதுவது விண்ணப்பமன்று. வேட்டை எல்லைக்குள் தளவாயின் சொல்லுக்கு அரசரும் அடங்குவர் என்று தேவரீரின் பாட்டனார் கணவாய் வாயிலில் கல்வெட்டி நாட்டியிருக்கிறார். அந்த அதிகாரத்தைக் கொண்டு ஆணையிடுகிறேன்: முப்பத்திரண்டாம் எண் துப்பாக்கி கணவாயைக் கடக்கலாகாது. அரசர் கையில் இருந்தாலும் காவலர் வாங்கி வைப்பர். எட்டாம் எண் இங்கே ஆயத்தமாயிருக்கிறது. முரட்டுத்தனமாய் உதைக்கும், ஆகவே இரண்டு நாள் முன்னதாக வந்து சங்கிலியிடம் பழகிக்கொள்க. அவன் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்கவும். எருது வீழ்ந்தபின் அடியேனின் தலை தேவரீருடையது. வாளின்றி வாயிலில் நிற்பேன்.

இவ்வோலையோடு ஒரு பட்டுப்பையில் இரண்டு குண்டுகள் வருகின்றன. பெரியது நேற்று மாலை சங்கிலி வார்த்தது. சிறியது, தந்தையார் இரண்டாம் முறை கெட்டிக்கக் கையில் எடுத்தது. அவர் விரல்களைப் பிரித்து நான் எடுத்து வைத்தேன். இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபின் புறப்படுக.

கார்த்திகைத் திங்கள் நான்காம் நாள், ஊதற்கணவாய்க் கோட்டையிலிருந்து, தந்தையார் எனக்கு அணிவித்த மோதிரத்தால் முத்திரையிட்டேன். ஆணை நிற்க. அரசர் வாழ்க.