தம்பிக்கு நீங்கள் கொடுக்காத கண்

என் உயிர் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

தம்பி சாதிக் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆ முடிந்து நீங்கள் அடங்கியிருக்கும் கபர்ஸ்தானுக்கு வந்து உங்களுக்கு ஸலாம் சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். பெண்பிள்ளைகள் நாங்கள் அங்கே வருவதில்லை. அதனால் என் ஸலாமைக் காகிதத்தில் சொல்கிறேன். நேரில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது என்பது உங்களுக்குத் தெரியாததா? எழுதச் சொன்னால் எழுதிவிடுவேன்.

உங்கள் மகள் இப்போது டீச்சர். முழு டீச்சர் இல்லை. பி.எட். கடைசி வருடம், பயிற்சிக்காக அம்பாசமுத்திரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய் வருகிறேன். பேட்டையிலிருந்து காலை பஸ். சேரன்மகாதேவி தாண்டினால் இரண்டு பக்கமும் வயல். ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுவதும் எனக்கு மனசு நிறைவாக இருக்கும்.

அதைவிடப் பெரிய சேதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தம்பிக்குக் கலர் பிரித்துப் பார்க்கத் தெரியாமல் போனது உங்களால் இல்லை, வாப்பா.

சாதிக் இதை ஏற்கெனவே உங்களிடம் சொல்லியிருப்பான். ஆனால் அவன் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவான். நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

நம் தையல் கடையில் அந்தக் கிளிப்பச்சை ஜாக்கெட் கதை உங்களுக்கு மறந்திருக்காது. மூன்றாவது தெரு அக்கா கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொள்ளக் கொடுத்தது. நீங்கள் செங்கல் கலர் நூலை ஓட்டிக் கொடுத்துவிட்டீர்கள். "பாய், இது என்ன புது ஃபேஷனா?" என்று அந்த அக்கா ஜாக்கெட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நீங்கள் கொஞ்சமும் அசராமல், "ஆமாக்கா, மெட்ராஸ்ல இப்ப எல்லாரும் இப்பிடித்தான் போடுதாங்க" என்றீர்கள். அடுத்த வாரமே இரண்டு பேர் வந்து அதே மாதிரி வேண்டும் என்று கேட்டதும், உம்மா உள்ளே போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்குப் பிறகுதான் உம்மா ஒவ்வொரு நூல்கண்டிலும் சின்னக் காகிதம் ஒட்டி, பேனாவால் பச்சை, காவி, மெரூன் என்று எழுதி வைத்தார்கள். நீங்கள் கலரைப் படித்துத் தைத்தீர்கள். "வாப்பாவுக்குக் கலர் தெரியாது" என்று வீட்டில் சொல்வோம். வாப்பாவுக்கு வெண்டைக்காய் பிடிக்காது என்பது மாதிரி அதுவும் ஒன்று. அதற்கு ஒரு பெயர் உண்டு என்றுகூட நாங்கள் நினைத்ததில்லை.

பிறகு சாதிக்கின் ரயில்வே பரீட்சை வந்தது. ஐ.டி.ஐ. முடித்து, ரயில் எஞ்சின் ஓட்டுகிற வேலைக்கு எழுதி, எழுத்துப் பரீட்சையில் தேறி, தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தோம். கண் சோதனையில் ஒரு புத்தகத்தை விரித்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். "நம்பரே இல்ல லாத்தா, குருணைய அள்ளிக் கொட்டுன மாதிரி வெறும் பொட்டு பொட்டா கெடக்கு" என்று வந்து என்னிடம் சொன்னான். நீங்கள் தைப்பதை நிறுத்தினீர்கள். மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தீர்கள். எங்களுக்கு முன்னால் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

அன்றைக்கு உம்மா கோபத்தில் சொன்ன வார்த்தை: "ஒங்க கண்ணுதான அவனுக்கும் வந்திருக்கு!"

சாயந்தரம் சாதிக்கைக் கூப்பிட்டு, "ஏலே, வாப்பாவ மன்னிச்சிருலே. நாந்தான் குடுத்துட்டேன். நான் நூலப் படிச்சுத் தச்சிருவேன், நீ சிக்னல எங்கன போயிப் படிப்ப?" என்றீர்கள். அவன் "என்ன வாப்பா இது" என்று எழுந்து வெளியே போய்விட்டான். அதற்குப் பிறகு நீங்கள் அவனோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடவில்லை. அவன் வருவதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவீர்கள். யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தீர்களா? நான் கவனித்தேன். கடைசியாகப் படுத்திருந்தபோதும் அதையே இரண்டு தடவை சொன்னீர்கள்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் கஷ்டம்தான். சொல்லிவிடுகிறேன்.

பிளஸ் டூவில் நான் உயிரியல் மனப்பாடம் செய்துகொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறதா? உங்கள் மிஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே கத்திப் படிப்பேன். ஒருநாள் நீங்கள் திரும்பி, "என்னளா, குருடு குருடுன்னு படிக்க?" என்றீர்கள். "பாடம் வாப்பா, நிறக்குருடு." "பாவம், யாரு பெத்த புள்ளைங்களோ" என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோத்தீர்கள். நானும் அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அது ஐந்து மதிப்பெண் கேள்வி. ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், குறை உள்ளவருக்கு உள்ளே கறுப்பு. ஸ்கேல் வைத்துப் போட்டு ஐந்துக்கு ஐந்து வாங்கினேன். கல்லூரியில் விலங்கியல் எடுத்து அதையே மறுபடியும் எழுதினேன். ஒரு தடவைகூட அந்தக் கறுப்புக் கட்டத்தில் உங்களை வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை. பாடத்தில் வருகிறவர்கள் யாரோ எங்கேயோ இருப்பவர்கள் என்று நினைத்துவிட்டேன். நம் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போன பிள்ளை படித்த லட்சணம் இது.

போன மாதம் அதே படத்தைக் கரும்பலகையில் போட்டுக்கொண்டிருந்தேன். என் குரல் எனக்கே கேட்காது, அவ்வளவு மெதுவாகப் பாடம் நடத்துகிறேன். கடைசி பெஞ்சில் ஒரு பெண், நல்ல வாய்க்காரி, எழுந்தாள்.

"டீச்சர், அப்பனுக்குக் கலர் தெரியலன்னா மவனுக்கும் தெரியாதா?"

"அதனால வராதும்மா. பெண்ணுக்கு ரெண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். மகனுக்கு அப்பா கொடுக்கிறது ஒய் மட்டும்தான். சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுக் காட்டுற மரபணு எக்ஸ்லதான் இருக்கு. மகனுக்கு எக்ஸ் அம்மாகிட்டேயிருந்துதான் வரும்."

"பாத்தீங்களாட்டீ! கடைசில இதையும் அம்மா தலையிலயே கட்டிட்டாங்க!"

வகுப்பே சிரித்தது. நான் சாக்பீஸை வைத்துவிட்டேன். என் வாயிலிருந்து வந்த பதில் எனக்கே அப்போதுதான் கேட்டது. மகனுக்கு அப்பா கொடுப்பதில்லை. கொடுக்கவே முடியாது. நீங்கள் சாதிக்குக்கு அந்தக் கண்ணைக் கொடுக்க நினைத்திருந்தாலும் முடிந்திருக்காது, வாப்பா. உங்கள் எக்ஸ் எனக்கு வந்தது. அவனுக்கு வந்தது உம்மாவுடையது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தது. உங்கள் தலையிலிருந்து இறக்கினால் அது உம்மா தலையில் போய் உட்காரும். உங்கள் முகத்துக்கு நேரே அந்த வார்த்தையைச் சொன்னவர்கள் அவர்கள். இனி அதைத் திருப்பிக் கேட்டுப் பதில் சொல்ல நீங்கள் இல்லை. அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிட்டால் உங்கள் பெயரில் தப்பு அப்படியே நின்றுவிடாதா? பத்து நாள் இதை வைத்துக்கொண்டு திண்டாடினேன்.

சாதிக்கிடம் முதலில் சொன்னேன். அவன் இப்போது தச்சநல்லூரில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் இருக்கிறான். நல்ல பெயர் எடுத்துவிட்டான். "செம்புக் கம்பி எல்லாமே ஒரே கலர் லாத்தா, எனக்குன்னே செஞ்ச வேல" என்பான். நான் சொன்னதைக் கேட்டு வெகுநேரம் கையில் ஒட்டியிருந்த வார்னிஷைச் சுரண்டிக்கொண்டே இருந்தான். "அப்ப வாப்பா எங்கிட்ட சும்மாவே மன்னிப்புக் கேட்டாங்களா?" என்றான். பிறகு, "வெள்ளிக்கெழம போகும்போது சொல்லிருதேன்" என்றான். அவ்வளவுதான் பேசினான்.

உம்மாவிடம் நானாகச் சொல்லவில்லை. அவர்களே பிடித்துவிட்டார்கள். மீன் ஆய்ந்துகொண்டே, "ஏளா, பத்து நாளா தொண்டையில முள்ளு சிக்குனவ மாதிரி நடமாடுத. என்னன்னு சொல்லு" என்றார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். கத்தி நின்றுவிட்டது.

"நானா?"

"ஒங்க தப்பு இல்லம்மா. ஒங்ககிட்ட இன்னொரு எக்ஸ் நல்லது இருக்கு, அதனால ஒங்களுக்குக் கலர் எல்லாம் தெரியுது. அது எனக்கு வந்துச்சு. மத்தது தம்பிக்கு வந்துச்சு. யாருக்கு எதுன்னு நாம தீர்மானிக்கிறது இல்ல."

"எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

"ஒங்க வாப்பாவுக்குக் கலர் தெரியுமா?"

உம்மா ஈரக்கையோடு என்னையே பார்த்தார்கள். "எங்க வாப்பா மாம்பழத்த மோந்து பாத்துல்லா வாங்குவாக! காயா பழமான்னு எங்க உம்மாட்ட நீட்டிக் கேப்பாக. நாங்க அத வெளையாட்டுன்னு நெனச்சோம்." பிறகு மெதுவாக, "ஒங்க வாப்பா போறதுக்கு முந்தி நீ இதப் படிச்சிருக்கக் கூடாதாளா?" என்றார்கள்.

படித்திருந்தேன் வாப்பா. அதையும் உம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஐந்துக்கு ஐந்து வாங்கினேன் என்பதையும் சொன்னேன். திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். அவர்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானும்தான் முப்பது வருசம் அவுககூட இருந்தேன். எங்க வாப்பாவயும் அவுகளயும் சேத்து நெனச்சுப் பாத்தனா?" என்றார்கள். அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. "அந்த வார்த்தைய நான் சொல்லியிருக்கக் கூடாது. இன்னிக்கு தொழுதுட்டு அவுககிட்ட கேட்டுக்கிடுதேன்."

உம்மாவின் வாப்பா உங்களுக்குத் தாய்மாமா அல்லவா? நீங்கள் கட்டியது மாமா மகளை. மாமாவுக்கும் உங்கள் உம்மாவுக்கும் அது ஒரே தாயிடமிருந்து வந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் பார்த்திராத அந்தப் பெண்மணிக்கு எல்லாக் கலரும் நன்றாகவே தெரிந்திருக்கும். தன்னிடம் என்ன இருக்கிறது என்று தெரியாமலே இரண்டு பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கிறார். யாரைப் போய் குற்றம் சொல்வது?

ஒன்று மட்டும் உங்களிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது. கலரைப் பிரிக்கும் அந்த மரபணு கண்ணில் மட்டும் இருப்பதில்லை. குதிகாலிலும் இருக்கிறது, காது மடலிலும் இருக்கிறது. உங்கள் அளவு நோட்டில் ஒருவருடைய உடம்பு முழுவதுக்கும் அளவு இருந்தாலும் கை தைக்கும்போது கை வரியை மட்டும்தானே பார்ப்பீர்கள்? உடம்பு உருவாகும்போதும் அப்படித்தான். எல்லா உயிரணுவிலும் முழு நோட்டு இருக்கிறது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டிய வரியை மட்டும் வாசிக்கிறது. அந்த வரியை வாசிக்கிற இடம் கண்.

இன்னும் கேளுங்கள். நான் உம்மா வயிற்றில் கடுகளவுகூட இல்லாத காலத்திலேயே, என் ஒவ்வொரு உயிரணுவும் தன்னிடமிருந்த இரண்டு எக்ஸில் ஒன்றை மூடி வைத்துவிட்டது. சிலது உம்மாவுடையதை மூடியது, சிலது உங்களுடையதை மூடியது. அதிலிருந்து வந்த உயிரணுக்களும் அப்படியே தொடர்ந்தன. அதனால் என் கண்ணுக்குள்ளே அங்கங்கே திட்டுத் திட்டாக உம்மா பார்க்கிறார்கள், அங்கங்கே நீங்கள் பார்க்கிறீர்கள். இரண்டையும் சேர்த்து மூளை எனக்கு ஒரே வயலாகக் காட்டுகிறது. பஸ் ஜன்னலில் நாற்றங்காலைப் பார்க்கும்போது, இதில் எந்தப் பங்கு வாப்பாவுடையது என்று தேடுகிறேன். தெரியவில்லை. ஆனால் இருக்கிறது என்று தெரியும். அதுவே போதுமாக இருக்கிறது.

எனக்கு நிக்காஹ் பேசி முடித்திருக்கிறார்கள். மாப்பிள்ளை நல்ல மாதிரி, அதிகம் பேசாதவர். மறைக்கக் கூடாது என்று போனில் எல்லாவற்றையும் சொன்னேன். மகன் பிறந்தால் அவனுக்கு இது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றேன். "மகன் வரைக்கும் போயிட்டீங்களா?" என்றார். வெட்கத்தில் போனை வைத்துவிட்டேன்.

வாப்பா, உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இன்ஷா அல்லாஹ், அப்படி ஒருவன் பிறந்து, மரத்துக்கெல்லாம் காவிக் கலர் அடித்துக்கொண்டு வந்து நின்றால் நான் அவன் கையிலிருந்து பென்சிலைப் பிடுங்க மாட்டேன். யாரிடமிருந்து வந்தது என்று யாராவது கேட்டால், என்னிடமிருந்துதான் என்று முந்திக்கொண்டு சொல்வேன், நன்றாகக் கேட்கும்படி. அவன் எதை ஓட்ட முடியும், எதை ஓட்ட முடியாது என்பதைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுப்பேன். அவனிடம் மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டேன்.

உங்கள் மூத்த பிள்ளை,
சாதிக்கின் லாத்தா