கன்னத்துக் கோடு

மார்ச் 4
இன்றும் பேத்தி என் அறை வாசல்வரை வந்து திரும்பிவிட்டாள். நாலு வயது. கட்டியோடு என் இடது கன்னத்தையும் மருத்துவர் வெட்டி எடுத்ததிலிருந்து இப்படித்தான். அதற்கு முன்பெல்லாம், மூக்கோரத்திலிருந்து வாய்வரை ஓடும் அந்தக் கோட்டில் விரலை வைத்தால்தான் மதியம் தூங்குவாள்.

மார்ச் 9
கம்ப்யூட்டரில் உருவங்கள் செய்வதுதான் மருமகளின் வேலை; இப்போது எனக்குக் கன்னம் செய்கிறாளாம். வலது கன்னத்தைப் படமெடுத்து, இடதுக்குத் திருப்பி, ரப்பரில் வார்ப்பாளாம். இவளா! பதினோரு வருஷத்துக்கு முன், செவ்வாய்க்கிழமை, பால் பொங்கி வழிந்த அன்று, "இனிமே உங்க மூஞ்சியிலயே முழிக்க மாட்டேன்" என்று கதவைச் சாத்தியவள். நான் மறப்பேனா?

மார்ச் 21
ரப்பர் கன்னம் வந்தது. முட்டை மாதிரி வழுவழு. பேத்தி தூரத்தில் நின்று, "இது யாரு?" என்றாள்.
மருமகளிடம் திரும்பினேன். "என் கோடு எங்கடி?"
"கம்ப்யூட்டர் கன்னத்தைக் கட்டம் கட்டமா வெட்டி, ஒவ்வொரு புள்ளியையும் சுத்தியிருக்கிற புள்ளிங்களுக்கு நடுவால இழுக்கும், அத்தை. அப்பதான் வழுவழுப்பு வரும். கோடு அழிஞ்சிடும்."
"எழுபத்தொரு வருஷம் பேசிப் பேசி விழுந்த கோடு. உன் இஷ்டத்துக்கு அழிப்பியா?"
ரப்பர் கன்னத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

மார்ச் 22
எழுந்திருக்கவில்லை. எதற்கு எழ வேண்டும்?

ஏப்ரல் 6
கம்ப்யூட்டருக்குச் சொன்ன விதியை மாற்றிவிட்டாள். கோட்டிலுள்ள புள்ளி இனி கோட்டுக்காரர்களை மட்டும் பார்க்குமாம். கோடு நின்றது. ஆனால் கன்ன எலும்பின் மேல் குழி! மற்ற இடத்திலெல்லாம் கட்டங்களின் நாலு கோடு ஒரு புள்ளியில் கூடுகிறது, அங்கே மட்டும் ஐந்தாம்.
"அந்த ஒரு புள்ளி என் உயிரை வாங்குது அத்தை."
"நீ என் உயிரை வாங்கினதுக்கு அது வாங்கட்டும்."
சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிக்க வாய் பாதிதான் இருக்கிறது.

ஏப்ரல் 30
வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் — சாகப்போகிற மூஞ்சிக்கு எதுக்கு இத்தனை பாடு? அவள் காதிலேயே வாங்கவில்லை. திரையில் என் முகத்தைப் பெரிதாக்கி, அதையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். முழிக்க மாட்டேன் என்றவள்.

மே 17
ஐந்து கோடு கூடும் இடத்துக்குத் தனிக் கணக்குக் கண்டுபிடித்துவிட்டாள். குழி இல்லை. கோடு இருக்கிறது. மாட்டிக்கொண்டு மதியம் படுத்தேன்.
பேத்தி வந்தாள்! கட்டிலில் ஏறி, பழையபடி இடது கோட்டில் விரலை வைத்தாள்.
"ஜில்லுனு இருக்கு பாட்டி."
விரலை எடுத்துவிட்டாள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.
என் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். வலது கோட்டில் விரல். தூங்கிவிட்டாள்.
மருமகள் கதவருகே நின்றாள். "குழந்தையைத் தூக்கிக்கட்டுமா அத்தை?"
"சும்மா இருடி. எழுந்ததும் என் மூஞ்சியில முழிக்கட்டும்."