ஏழு லேப்டாப்களும் மஞ்சள் தண்ணீரும்

எருத்தேன்பதி,
திங்கட்கிழமை காலை.

என் அக்கா மகள் அம்மிணி யோகப்பிரியாவுக்கு, உன் மாமன் சின்னையன் எழுதுவது. இங்கே உன் அம்மா சுகம், தென்னைகள் சுகம். எனக்கு மட்டும் ஐந்து நாளாகச் சோறு இறங்கவில்லை. ஏலப்பாறையில் குளிர் எப்படி? உன் சிநேகிதி டின்டு வீட்டில் நல்ல கம்பளி கொடுத்திருக்கிறார்களா?

நாற்பது தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. சரி, பதினொன்று. அதனால்தான் அக்காவிடம் விலாசம் வாங்கி, எட்டாவதோடு நின்ற இந்தக் கையால் எழுதி ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். என் கையெழுத்தைப் பார்த்துத் தபாலாபீஸே அசந்துபோகும்.

விஷயத்துக்கு வருகிறேன். வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஜில்லா ஆபீஸிலிருந்து விசாரணைக்கு ஆள் வருகிறார். பள்ளிக்கூடத்து லேப்டாப் பன்னிரண்டில் ஏழு கெட்டது கம்ப்யூட்டர் டீச்சரான உன் அஜாக்கிரதையால்தான் என்று ஃபைலில் இருக்கிறது. நீ நேரில் வந்து பதில் சொல்லாவிட்டால் இந்தத் தற்காலிக வேலை போவதோடு நிற்காதாம். இனி எந்தப் பள்ளிக்கூடத்திலும் உன்னைக் கூப்பிட மாட்டார்களாம். ஹெட்மாஸ்டர் ஆனந்தகுமார் என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

ஆயுதபூஜை அன்று நடந்ததை நான் ஊருக்குள் பல விதமாகச் சொல்லிவிட்டேன். டீக்கடையில் சொன்னதில் ஐந்நூறு பேர் கூட்டம், லேப்டாப்பிலிருந்து ஆள் உயரத்துக்குத் தீ, நான் பாய்ந்து மெயினை அணைத்து முப்பது பிள்ளைகளைக் காப்பாற்றினேன். பக்கத்து ஊர் பெருமாட்டி வரைக்கும் அந்தக் கதை போயிருக்கிறது. ஆனால் நடந்தது என்னவென்று உனக்கும் எனக்கும் தெரியும்.

"மூடிமேல ஒரு பொட்டு மட்டும் வைங்க மாமா, திறந்தராதீங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகளோடு பொரிகடலை வாங்கப் போனாய். நான் முப்பது வருஷமாக டிராக்டருக்கும் பம்புசெட்டுக்கும் பூஜை போட்டவன். மூடிமேல் பொட்டு வைத்தால் அது பெட்டிக்குத்தானே சேரும், உள்ளே இருக்கிற மிஷினுக்கு எப்படிச் சேரும் என்று யோசித்தேன். சார்ஜில் கிடந்ததை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பட்டன்களுக்குச் சந்தனம் வைத்தேன். மாவிலையால் மஞ்சள் தண்ணீர் தெளித்தேன், டிராக்டருக்குத் தெளிக்கிற அளவுக்கு. எட்டாவதைத் திறக்கப் போனபோது நீ வந்து கையைப் பிடித்தாய்.

அதுவரைக்கும் தெரியாமல் செய்த தப்பு. அதற்கப்புறம்தான் தெரிந்தே செய்தேன். "யாரு சொல்லித் திறந்தீங்க?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார். சுற்றிலும் ஊர்க்காரர்கள். பெற்றோர் சங்கமான பி.டி.ஏ.வுக்குப் பிரசிடெண்டாக இருக்கிற எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடுமே என்ற பயத்தில், "டீச்சர் சொல்லித்தானுங்க" என்று சொல்லிவிட்டேன். "நான் சொல்லலை" என்று நீ மறுத்திருக்கலாம். மாமனைக் காட்டிக்கொடுக்க மனசில்லாமல் லேப் சாவியை மேஜையில் வைத்துவிட்டு ஏலப்பாறைக்குப் போய்விட்டாய்.

பத்தாம் வகுப்புக்கு ஐ.டி. பரீட்சை நெருங்குகிறது. ஐந்து லேப்டாப், முப்பது பிள்ளைகள், டீச்சர் இல்லை. கால்வாய்த் தண்ணீர் எந்தத் தோட்டத்துக்கு எந்த நேரம் என்று சொல்லுகிற புரோகிராம் ஒன்று எழுத வைத்தாயே, அது பாதியில் நிற்கிறது. வேறு ஆள் கிடைக்காமல் போன புதன்கிழமை நானே வகுப்பில் ஏறினேன். 'இஃப்' என்றால் என்ன என்று கேட்டார்கள். "மழை வந்தா மோட்டார் போடாதே, வராட்டி போடு, அவ்வளவுதான்" என்றேன். கைதட்டினார்கள், இது சத்தியமான நிஜம். அடுத்த வரிக்கு அர்த்தம் கேட்டதும் தோட்டத்தில் வேலை இருக்கிறது என்று கிளம்பினேன். உன் முதல் பெஞ்சு நர்மதா வாசல் வரைக்கும் வந்து கேட்டாள்: "தண்ணி தெளிச்சது நீங்கதான்னு எங்களுக்கெல்லாம் தெரியுமுங்க. ஆபீசர்கிட்ட யாருங்க சொல்லுவாங்க?" அன்றிலிருந்துதான் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான்தான் சொல்லப்போகிறேன். நேற்று உன் அம்மாவிடம் சொல்லிப் பழகிப் பார்த்தேன். முதல் இரண்டு வார்த்தை ஒழுங்காக வந்தது. மூன்றாவதில் எலி ஒயரைக் கடித்துவிட்டது என்று வாய் புளுகிவிட்டது. அக்கா கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். எழுதும்போது நேராக வருகிறது அம்மிணி, ஆள் முன்னால் வாயைத் திறந்தால்தான் இப்படி.

அதனால் வியாழக்கிழமை முதல் பஸ்ஸைப் பிடி. நீ எனக்காகப் பேச வேண்டாம், மன்னிக்கவும் வேண்டாம். எனக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்தால் போதும். நான் ஒரு சொல் கூட்டிச் சொன்னாலும் அத்தனை பேர் முன்னாலும் எழுந்து, "எங்க மாமன் பொய் சொல்றாருங்க" என்று சொல்லிவிடு. மரியாதை பார்க்காதே. உன் படிப்பு உன்னைக் கைவிடாது, நல்லா இருப்பாய் சாமி.

உன்னை எதிர்பார்த்துப் பஸ் நிறுத்தத்தில் நிற்கப்போகும்
உன் தாய்மாமன்,
சின்னையன்.