மூன்றாவது பாட்டில் பேசியவர்

நேற்றுப் பின்னேரம், ஜேர்மனியிலிருந்து வந்திருக்கும் தம்பியின் மகள் தன் போனில் ஒரு பாட்டைப் போட்டாள். முதல் இழுப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. கோயில் ஓர்கன் மாதிரி ஒரு நீண்ட ஓசை, அதன் கீழே இயந்திரத் தாளம், பிறகு கிணற்றுக்குள் நின்று பாடுவதுபோல அந்த ஆண்குரல். "அப்பா அந்த நாளில கேட்ட அல்பம் மாமி. உங்களுக்கு இதெல்லாம் பிடிக்காது" என்றாள். மூன்றாவது பாட்டு வந்ததும் கதிரையில் முன்னால் சாய்ந்துகொண்டேன். தாளம் நின்று மூச்சுவிடும் அந்த இடமும் வந்தது. அங்கே ஒருவரும் பேசவில்லை.

பாட்டுக்குக் கீழே எங்கெங்கோ இருக்கும் ஆட்கள் தங்கள் அபிப்பிராயங்களை எழுதியிருந்தார்கள். பிள்ளை தள்ளித் தள்ளி வாசித்துத் தமிழில் சொன்னாள். இருட்டு என்கிறார்கள், அழகு என்கிறார்கள், சாவீட்டுக்கு ஏற்றது என்று ஒருவர் பகிடி விட்டிருக்கிறார். மூன்றாவது பாட்டில் பேசுகிற குரலைப் பற்றி ஒரு சொல் இல்லை. எப்படி இருக்கும்? அதைப் பற்றி எழுதியவர்கள் நம்முடைய ஆட்கள் மட்டும்தானே. நீ போன மாசியில் கண்ணை மூடிவிட்டாய். அதனால் இதை உனக்கே எழுதுகிறேன்.

கொழும்புக் கோட்டையில் அந்தக் கப்பல் கொம்பனி அலுவலகத்தில் உன் மேசையும் என் மேசையும் முட்டிக்கொண்டு இருந்தன. குண்டு வெடித்தால் அரைநாளோடு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வெடிக்காத நாட்களில் நாம் பாட்டுக்காகச் சண்டை பிடிப்போம். கோப்பு சுற்றுகிறமாதிரியே நமக்குள் கசெட் சுற்றும். பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைப்போம். கேட்டவர் தன் அபிப்பிராயத்தை எழுதி, கீழே சின்னக் கையெழுத்தும் வைத்து, அடுத்த மேசைக்குத் தள்ளவேண்டும். அந்த ஒழுங்கைக் கொண்டுவந்தவள் நீ.

தம்பி ஜேர்மனியிலிருந்து அனுப்பிய இந்த அல்பத்தின் ஒரிஜினல் கசெட்டை இரவல் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த சனி வரை பொறுத்துப் புதுக் கசெட் வாங்கவும் பஞ்சி, சோம்பல்தான். பிரதி பதிய உன்னிடம் பழைய கசெட் ஒன்று கேட்டேன். ஒரு பை நிறையக் கொண்டுவந்தாய். "எல்லாம் பழைய கோயில் பாட்டுத்தான். அழிக்கக்கூடியதா நீயே பாத்து எடு" என்றாய். நான் எடுத்ததில் தொடக்கத்தில் மாதா பாட்டு ஒன்று இருந்தது. அதற்குமேல் கேட்கவில்லை. கசெட்டின் மேல்விளிம்பில் அந்தச் சின்னப் பிளாஸ்டிக் பல் உடைந்திருந்தது. உடைந்திருந்தது என்ன, உடைத்திருந்தார்கள். இதன்மேல் இன்னொன்று பதியவேண்டாம் என்றால்தான் அதை உடைப்பார்கள். ஓட்டையில் ஒரு துண்டு ஒட்டுத்தாள் ஒட்டினால் பதியலாம் என்பதும் ஊருக்கே தெரியும். நான் ஒட்டினேன்.

வெள்ளவத்தையில் நான் தங்கியிருந்த மாமா வீட்டுக் கசெட் செட்டில்தான் பதிந்தேன். பழசை ஒழுங்காக அழிக்காத செட் அது. அது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் கேட்டவர் கிராண்ட்பாஸிலிருந்து வருகிற, அலுவலகத்தில் டெலெக்ஸ் அடிக்கிற நானா. "மையத்து வீட்டுப் பாட்டு" என்று தொடங்கியிருந்தார். "மூணாவதுல பின்னால ஒரு மனிசன் மெதுவா பேசுறான். என்ன பேசுறான்னு வெளங்கல்ல. எங்கட வாப்பாட ஞாபகம் வந்திச்சு. ரெண்டு தரம் கேட்டேன். மூணாந்தரம் கேக்க பயம்." இரத்மலானையிலிருந்து வருகிற தட்டெழுத்துக்காரி, மூன்றாவது பாட்டுத்தான் முழு அல்பத்திலும் சிறந்தது, அந்தப் பேச்சைச் சேர்த்தவன் மகா கெட்டிக்காரன் என்று எழுதியிருந்தாள். இடையில் மாமாவும் கேட்டுவிட்டு, "செத்ததுகளை எழுப்பிற பாட்டு. மூன்றாவதிலைதான் ஒரு மனிசன் மனிசனாக் கதைக்கிறான்" என்று தன் பங்குக்குக் கிறுக்கினார். எல்லாரும் அது ஜேர்மன்தான் என்று நினைத்தார்கள். அவ்வளவு மெல்லியதாக இருந்ததாம்.

நான் ஒரிஜினலைப் போட்டு ஸ்பீக்கரில் காது வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. என் காதில்தான் பிழை என்று நினைத்து, எல்லாருடைய அபிப்பிராயத்தையும் பிரதி எடுத்துத் தம்பிக்கு அனுப்பினேன். அவன் பதில் வர ஒரு மாதம் ஆனது. "அக்கா, நானும் இஞ்ச சிநேகிதரும் திருப்பித் திருப்பிக் கேட்டனாங்கள். மூன்றாவது பாட்டில ஒருத்தரும் கதைக்கேல்லை. நீங்கள் எல்லாரும் என்னத்தைக் கேட்டனீங்கள்?" பட்டப்பகல், பக்கத்தில் மாமி தேங்காய் துருவிக்கொண்டிருக்கிறா, எனக்குக் கைமயிர் நட்டுக்கொண்டது.

கசெட் அப்போது உன்னிடம் இருந்தது. மூன்று கிழமையாக வைத்திருந்தாய். கேட்டால் "இன்னும் எழுதேல்லடி" என்பாய். தம்பியின் கடிதத்தைக் காட்டி உன்னைப் பயப்படுத்தவேண்டும் என்று, ஒரு ஞாயிறு, பூசை முடிகிற நேரம் பார்த்து பஸ் ஏறினேன். இரண்டு செக்பொயின்டில் இறக்கி ஏற்றினார்கள். கொட்டாஞ்சேனையில் உன் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போதே அந்தத் தாளம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கத்தோலிக்க வீட்டில், அந்தப் பாட்டு!

உன் அம்மா செட்டோடு காதை ஒட்டிக்கொண்டு இருந்தா. கையில் செபமாலை. என்னைக் கண்டதும் சிரித்தா. சிரித்துக்கொண்டே கேட்டா: "அவன் கதைக்கேக்க இவங்கள் ஏன் மகள் கத்துறாங்கள்? கொஞ்சம் பேசாம இருக்கச் சொல்லன்."

நீ எழும்பி வந்து கசெட்டைப் பின்னுக்கு ஓட்டினாய். தாளம் நின்ற இடத்தில் நீ வாயசைத்தாய். உன் உதட்டைப் பார்த்தபிறகுதான் எனக்கும் கேட்டது. "அம்மா, நான் சுகம். இங்க வெயில் கூட. கால் வீக்கத்துக்கு எண்ணெய் பூசுங்கோ." பிறகு தாளம் வந்து விழுந்தது. அது அடங்கியதும் அந்த மனிசர் விட்ட இடத்திலிருந்து பேசினார்.

அது உன் அண்ணாவின் குரல். அவரை எனக்குப் படத்தில்தான் தெரியும். வளைகுடாவில் வேலை செய்தவர். லீவில் வந்து, அம்மாவின் ஊர்த் திருநாளுக்கென்று மன்னாருக்கு பஸ் ஏறியவர் திரும்பி வரவில்லை. எந்த ஆமி முகாமிலும் பெயர் இல்லை. வளைகுடாவில் இருந்தபோது எழுதப் பஞ்சிப்பட்டு, கையில் இருந்த ஏதோ ஒரு கசெட்டில் மாதா பாட்டுக்குப் பிறகு பேசி அனுப்பியிருக்கிறார். அம்மா அதைப் பல்லை உடைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறா. அது அந்தப் பையில் கிடந்தது உனக்கும் தெரிந்திருக்கவில்லை.

நீ கசெட்டை வெளியே எடுத்தபோது பார்த்தேன். என் ஒட்டுத்தாளை உரித்திருந்தாய். பசை தெரியாமல் துடைத்தும் இருந்தாய். அப்படியென்றால் உனக்கு எல்லாம் விளங்கித்தான் இருந்திருக்கிறது. நீ ஒன்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை, அபிப்பிராயத் தாளை மட்டும் என் மேசைக்குத் தள்ளினாய். "மூன்றாவது நல்லம். இன்னும் கொஞ்சம் சத்தமாக இருந்திருக்கலாம்." கீழே வழக்கமான சின்னக் கையெழுத்து. அன்று மத்தியானமும் உன் மீன்பொரியலில் பாதியை என் தட்டில்தான் வைத்தாய். நீ என்னை நாலு பேச்சுப் பேசியிருந்தால் நான் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ பேசவில்லை என்பதையே சாட்டாக வைத்து இத்தனை வருடம் ஒளித்திருந்தேன். கோழைத்தனம், வேறொன்றுமில்லை.

ஓயாமல் ஓடி, ஒருநாள் செட் அந்த நாடாவைச் சப்பிவிட்டது. அம்மா படுக்கையில் விழுந்த வருடம் அது. "சாப்பிடமாட்டன் எண்டு கிடக்கிறா. நீ வாடி" என்று கூட்டிப்போனாய். அதற்குள் எனக்கு அந்தப் பேச்சு பாடமாகியிருந்தது. நீ சொல்லிப்பார்த்தாய், உன் குரல் தனக்குத் தெரியும் என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டா. நான் அடிக்குரலில் தொடங்கினேன். "அம்மா, நான் சுகம்." அவ கண்ணை மூடினா. நான் தொடர்ந்தேன். அவ நெற்றியைச் சுருக்கினா.

"அந்த அடி எங்க?" என்றா. "அடி இல்லாம அவன் வரமாட்டான்."

நீ ஒரு கணம் என்னைப் பார்த்தாய். பிறகு அலுமாரிக் கதவில் விரல் முட்டியால் அந்த ஜேர்மன்காரரின் தாளத்தைத் தட்டினாய். ஒன்றும் பிசகவில்லை. நீ தட்டுகிற இடத்தில் நான் நிறுத்தினேன், நீ நிறுத்திய இடத்தில் பேசினேன். என் தொண்டையிலிருந்து வந்தது முழுக்க என் குரல்தானா என்று எனக்கே ஐமிச்சம். அம்மா வாயைத் திறந்தா. நீ மற்றக் கையால் கஞ்சி பருக்கினாய். அவ போகும்வரை ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான் நடந்தது.

ஒட்டுத்தாளை ஒட்டியவள் நான். பல் உடைந்திருந்ததைக் கண்டுகொண்டே ஒட்டினேன். நீ உயிரோடு இருக்கும்போது சொல்லியிருக்கவேண்டும்.

இன்று காலை குசினியில் அடுப்புக்கு முன்னால் தனியே நின்று சொல்லிப்பார்த்தேன். நான் சுகம், வெயில் கூட, கால் வீக்கத்துக்கு எண்ணெய் பூசுங்கோ. அதுவரை தடங்கலில்லை. அதற்குப் பிறகு, தங்கச்சியை மழைக்குள் விடாதேங்கோ என்பது முதலா, மார்கழிக்கு வாறன் என்பது முதலா? இரண்டு விதமாகவும் சொன்னேன். இரண்டும் சரிபோலவே இருந்தது. திருத்துவதற்கு நீ இல்லை.