புனிதையின் கடைவாய்ப்பல்

ஜனவரி 12

அக்காவின் கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. கடைவாய்ப்பல்லின் அடியில் சீழ். ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிற எனக்கு, சொந்த அக்காவை வாய் திறக்கவைக்க முடியவில்லை.

"குறடைக் கீழ வைடி. நான் புனிதைகிட்ட வேண்டிக்கிறேன்."

எதிர்த் தேவாலயத்துப் புனிதை, விசுவாசத்துக்காக உயிர்விட்ட கன்னி மறைசாட்சி, பல்வலிக்குப் பேர்போனவள். ஆளுநர் மகனைக் கட்டிக்கொள்ள மாட்டேன், கிறிஸ்துவை மறுதலிக்கவும் மாட்டேன் என்றதற்காகப் பற்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்களாம். மரத்துப்போக ஒரு ஊசிகூட இல்லை. பிடுங்கியவன் எவனோ, கெட்ட பெயர் எனக்கு.

ஜனவரி 14

காய்ச்சல் நூற்றொன்று. சீழ் கழுத்துக்கு இறங்கினால் மூச்சே அடைத்துவிடும். சொன்னேன், கத்தினேன், அழுதேன். அம்மா போனபின் என்னை வளர்த்தவள். எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறாள்; வாயை மட்டும் திறக்கவில்லை.

ஜனவரி 15

கிளினிக்கில் ஒரே கூத்து. கண்ணாடி பதித்த வெள்ளிப் பேழையோடு பங்குத்தந்தை வந்தார். துடைக்கும்போது உள்ளே ஒட்டியிருந்த புனிதையின் பல் கழன்றுவிட்டதாம் — கோயிலில் இருப்பதே அந்த ஒன்றுதான்.

"நீங்கதான் சுத்தம் பண்ணி ஒட்டிக் குடுக்கணும் டாக்டர்."

கிண்ணத்தில் வைக்கக் கூடாதாம். நாற்காலியில்தான் எழுந்தருள வேண்டுமாம். பட்டு விரித்துப் படுக்கவைத்தோம். காத்திருந்த நோயாளிகள் முழங்காலிட்டார்கள். நர்ஸம்மா வழக்கம்போலச் சீட்டு எழுதினார். வயது: ஆயிரத்து எழுநூறு சொச்சம். திருமணம்: ஆகவில்லை. சர்க்கரை உண்டா என்று பாதிரியாரையே கேட்டார். "தெரியலீங்களே" என்று அவரும் யோசித்தார். பேழையையும் பல்லையும் என்னிடம் விட்டு, நாளை வருவதாகச் சொல்லிப் போனார். பல்லில் சொத்தை இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் அக்கா தானாக வந்து நிற்கிறாள்!

"புனிதையே உன்கிட்ட வந்தாங்களாமே? இந்த நாற்காலியா?"

ஏறிப் படுத்தாள். வாயைத் திறந்தாள். ஏழே நிமிடத்தில் பல் வெளியே. 

ஜனவரி 16

ஐயோ. நர்ஸம்மா புனிதை பல்லையும் அக்கா பல்லையும் ஒரே தட்டில் போட்டுக் கிருமி நீக்க வேகவைத்துவிட்டார்.

"எல்லாத்தையும் சுத்தம் பண்ணச் சொன்னது நீங்கதானே?"

இரண்டும் கீழ்க் கடைவாய்ப்பல். இரண்டிலும் சொத்தை. பதினாலு வருட அனுபவம், லென்ஸ் வைத்துப் பார்க்கிறேன், விளங்கவில்லை. அத்தனை பழைய பல் எப்படி அக்கா பல்லின் நிறத்தில் இருக்கும்? வேண்டாம், அதை யோசிக்கவே வேண்டாம். வாசலில் பாதிரியார் செருமுகிறார். என்ன பண்ணுவேன்? எது எதுன்னு யாருகிட்ட போய்க் கேப்பேன்? கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பேழையில் ஒட்டினேன். மற்றதை அக்கா ஞாபகத்துக்கு வேண்டுமென்று வாங்கிக்கொண்டாள்.

ஜனவரி 18

அக்காவுக்கு வீக்கம் வடிந்தது. எனக்குக் கோயில் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

பிப்ரவரி 9

புனிதையின் திருநாள். பேழையை முத்தமிட நீண்ட வரிசை. எனக்கு முன்னால் அக்கா. குனிந்தவள் நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். முத்தமிட்டாள். திரும்பி என் காதருகே வந்தாள்.

"ஓரத்துல ஒரு சின்னப் பள்ளம் இருக்கு பாரு. முப்பது வருஷமா நாக்கால தடவின பல்லுடி. எனக்குத் தெரியாதா?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஃபாதர்கிட்ட சொல்லிடவாக்கா?"

"சும்மா இரு. புனிதை நம்ம வீட்டு அலமாரியில இருக்காங்க. எவ்வளவு காலந்தான் இந்தக் கண்ணாடிக்குள்ள உக்காந்து ஊரு எச்சிலைத் தாங்குவாங்க, பாவம்? கொஞ்ச நாள் நான் பாத்துக்கிறேன்."

கழுத்தை நிமிர்த்தி விறுவிறுவென்று நடந்து போனாள். உயிரோடு இருக்கிறாள், வேறென்ன வேண்டும் எனக்கு? குனிந்து அக்காவின் பல்லுக்கு மனதார முத்தம் கொடுத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

"டாக்டரம்மாவுக்கு என்னா பக்தி!" என்றார் பின்னாலிருந்தவர்.